தங்கை குழந்தைக்குக் கை முறிவு, இங்கிலாந்தில் வழக்கு: வழி சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை அக்கா:
எட்டு மாதத்துக்கு முன் இங்கிலாந்தில் குடியேறிய என் தங்கையின் குழந்தைக்கு மேல்கை எலும்பு முறிந்திருக்கிறது. எப்படி முறிந்தது என்று பெற்றவர்களுக்கே சொல்லத் தெரியாததால், அவ்வூர் நகராட்சியின் குழந்தைகள் நலப் பிரிவு குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை விசாரணை. வக்கீலுக்கு அனுப்ப நகையை அடகு வைக்கவா?

பெரம்பூர்க்காரர்:
நான் அங்கே போன முதல் குளிர்காலத்தில் என் மகன் படியில் உருண்டு நெற்றியைக் கிழித்துக்கொண்டான். மருத்துவமனையில் மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, தையல் போட்டு அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால் போதும், அஞ்ச வேண்டாம்.

கொருக்குப்பேட்டை தம்பி:
அண்ணன் சொல்வதை ஏற்க முடியாது. வாயைத் திறந்தால்தான் வம்பு. குழந்தையோடு விமானம் ஏறி வந்துவிட்டால், புத்தூர்க் கட்டில் எலும்பு கூடிவிடும்.

ராயபுரம் அத்தை:
என் பேத்தியின் இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே இருந்த நீலத் திட்டை, அடிபட்டுக் கன்றியது என்று எழுதி வைத்தார்கள். மாதக்கணக்கில் அது மாறாமல் அப்படியே இருந்த பிறகுதான் நம்பினார்கள். பிள்ளை வளர்க்க நமக்குச் சொல்லித்தர வந்துவிட்டார்கள்!

வண்ணாரப்பேட்டை வாசகி:
அத்தை, மன்னியுங்கள், வியாழக்கிழமை நெருங்குகிறது. அங்கே சில ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் என்பதால் சொல்கிறேன். நகையை அடகு வைக்க வேண்டாம். இத்தகைய வழக்கில் பெற்றோருக்கு வருமானம் பாராமல் அரசுச் செலவிலேயே வக்கீல் கிடைப்பார். தம்பி சொன்னபடி வழக்கு நடக்கையில் குழந்தையை நாட்டைவிட்டுக் கொண்டுவந்தால், அதுவே வேறொரு பெரிய வழக்காகிவிடும். குழந்தையை வேறிடத்தில் ஒப்படைக்க, 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் சம்மதம் கேட்டால், வக்கீலைக் கலக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

இந்தச் சட்டப்படியான வழக்கில், காயம் தற்செயலானது அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை வழக்குப் போட்டவர்களுடையது. தற்செயல் என்று தங்கை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் குற்றவியல் வழக்கைப்போல ஐயத்துக்கிடமின்றி அல்ல, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவு தெரிந்தாலே போதும். மருத்துவர் கருத்து ஒரு பங்குதான். பெற்றோரின் வாக்குமூலம், செவிலியர் குறிப்பு, குழந்தைக்கு எலும்பு பலவீனமா, வைட்டமின் டி குறைவா என்ற சோதனை எல்லாவற்றையும் நீதிபதி சேர்த்துப் பார்ப்பார். முதல் எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு எலும்பு கூடத் தொடங்கியபின் தெரியும் என்பதால், இரண்டு வாரத்தில் மறுபடி எடுப்பார்கள். அதைத் துன்புறுத்தல் என்று எண்ண வேண்டாம். ஊகித்துச் சொல்லிப் பிறகு மாற்றினால்தான் கெடுதல், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லட்டும். ஆனால் நீங்கள் முக்கியமானதைச் சொல்லவில்லை: குழந்தைக்கு என்ன வயது? அன்று யாரெல்லாம் தூக்கினார்கள்?

தண்டையார்பேட்டை அக்கா:
ஐந்து மாதம், இன்னும் தவழவில்லை. பிரசவத்துக்குப் போயிருந்த எங்கள் அம்மாதான் தினமும் கால்களை நீட்டி உட்கார்ந்து, மேலே கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் கையை இழுத்துவிட்டுக் குளிப்பாட்டுவார். முறிவு தெரிந்ததற்கு முந்தின நாள்தான் ஊர் திரும்பினார். இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வண்ணாரப்பேட்டை வாசகி:
இதை இங்கே மேலும் எழுத வேண்டாம். தங்கையோடு பேசி இருவர் சொல்லையும் ஒன்றாக்காமல், அம்மா சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதியிட்டு, இன்றிரவே தங்கையின் வக்கீலுக்கு மட்டும் அனுப்புங்கள்.