படுக்கையறையில் ஷாட்கன் எங்கே வைக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கொற்கைக்காரன் (கேட்டி, டெக்சாஸ்):

எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் பின்கதவை உடைத்துத் திருடிய பிறகு ஒரு ஷாட்கன் வாங்கினேன். 12 கேஜ், பம்ப் ஆக்‌ஷன் (முன்பிடியான ஸ்லைடை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற வகை), 18.5 அங்குலக் குழல். பகலில் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும். இரவில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சாய்த்து வைத்துவிடுவேன். குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஐந்து தோட்டா, சேம்பர் (சுடுவதற்குத் தோட்டா வந்து நிற்கும் இடம்) காலி. கை நீட்டினால் எட்ட வேண்டும், அது மட்டும்தான் அப்போது என் கணக்கு.

போன மே மாதம் தூத்துக்குடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வந்த மூன்றாம் நாள் இரவு, மணி மூன்று. பின்கதவு திறந்தால் அலாரம் பெட்டி மூன்று தடவை பீப் அடிக்கும். அடித்தது. நான் எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன், என் கைதான் முதலில் எழுந்தது. ஸ்லைடை இழுத்துத் தள்ளிய சத்தம் கேட்டபிறகுதான் எனக்கே விழிப்பு வந்தது. அதற்குள் கூடத்துக்கு வந்துவிட்டேன். சமையலறை இருட்டில் வெள்ளையாக ஒரு உருவம். துப்பாக்கி முனை அதன் பக்கம் இருந்தது.

"எய்யா, முழிச்சிட்டியா? வீட்டுக்குள்ள காத்தே இல்ல, அதான் கதவத் தெறந்தேன். டீத்தூள் எங்க வச்சிருக்கீய?"

தூத்துக்குடியில் அப்போது மதியம் ஒன்றரை மணி. அப்பாவின் உடம்பு இன்னும் அந்த மணியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு, லைட் போட்டால் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று இருட்டிலேயே தடவிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்தது அவருக்குத் தெரியவில்லை. இன்றுவரை நான் சொல்லவும் இல்லை. அறைக்குத் திரும்பிப் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். விசையைத் தடுக்கிற சேஃப்டி நீக்கியிருந்தது. எப்போது நீக்கினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கைக்கு எவ்வளவு அருகில் வைக்கலாம் என்றே இத்தனை நாள் யோசித்திருந்தேன். அன்றைக்கு அது கைக்கு அருகில் இருந்ததுதான் பிழை. நான் முழுதாக விழிப்பதற்கு முன்னால் அது என் கைக்கு வரக் கூடாது. கட்டிலை விட்டு இறங்கி, நாலு அடி நடந்து, ஒரு எண்ணை நினைவுபடுத்தி அழுத்திய பிறகுதான் வர வேண்டும்.

இப்போது அலமாரிக்குள், ஆடைகளுக்குப் பின்னால், சுவரின் மரச்சட்டத்தில் நீள ஸ்க்ரூ போட்டு ஒரு பூட்டு மாட்டியிருக்கிறேன். சேம்பரும் விசையும் இருக்கிற நடுப்பகுதியை இரும்புக் கூடு மாதிரி மூடிக்கொள்ளும். பட்டனை வரிசையாக அழுத்தித் திறக்கிற மெக்கானிக்கல் பூட்டு, பேட்டரி கிடையாது. கைரேகைப் பூட்டு ஒன்றும் கடையில் பார்த்தேன். வியர்த்த விரலை ஏற்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். தோட்டா ஏற்றிய துப்பாக்கியின் விசை மேல் மாட்டுகிற சின்னப் பூட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். மாட்டும்போதே விசையில் இடிபடலாம்.

சேம்பர் காலியாகவே இருக்கட்டும். பெரும்பாலான பம்ப் ஷாட்கன்களில் சேஃப்டி விசையை மட்டும்தான் தடுக்கும். சேம்பரில் தோட்டாவோடு கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, சுவர். நம் வீட்டுச் சுவர்கள் ஜிப்சம் அட்டைதான். பக்‌ஷாட் என்கிற பெரிய ஈயக் குண்டுகள் அப்படி இரண்டு மூன்று சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். எங்கள் கட்டிலுக்கு நேர் எதிர்ச்சுவருக்கு அப்பால் மகளின் படுக்கை. முன்பு மாட்ட நினைத்த இடத்திலிருந்து எடுத்தால் முனை முதலில் திரும்புவதே அந்தப் பக்கம்தான். இப்போதைய இடத்தில் வெளிச்சுவரைப் பார்த்து நிற்கும்.

ட்ராய் அம்மா (மிச்சிகன்):

படிச்சுட்டு ரொம்ப நேரம் எழுத முடியல அண்ணா. அப்பா நல்லா இருக்காரே, அது போதும்.

என் அனுபவம் வேற மாதிரி. மகள் தோழி வீட்டுல ராத்திரி தங்கப் போறேன்னா. அந்தம்மாவுக்கு ஃபோன் பண்ணி, வீட்டுல துப்பாக்கி இருக்கா, பூட்டி இருக்கான்னு கேட்டேன். கேக்கவே கூச்சமா இருந்துச்சு. அவங்க கோவிக்கல. "கட்டிலுக்கு அடியில இருக்கு, பிள்ளைங்க யாருக்கும் தெரியாது"ன்னு சொன்னாங்க. மகள்கிட்ட சும்மா கேட்டேன். "ஆமாம்மா, சாம்பல் கலர் பை, ஜிப் வச்சது, ரொம்ப வெயிட்டு"ன்னா. அவளுக்கு ஒன்பது வயசு. வெயிட்டு எப்படித் தெரியும்னு கேட்டதுக்குப் பதில் இல்ல.

எங்க ஓக்லண்ட் கவுண்டியிலதான் ஆக்ஸ்ஃபோர்ட் ஹைஸ்கூல். 2021 நவம்பர் 30 அன்னிக்கு 15 வயசுப் பையன் நாலு மாணவர்களைச் சுட்டுக் கொன்னான். நாலு நாளைக்கு முன்னாடி அப்பா வாங்கின கைத்துப்பாக்கி. அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் 2024ல 10 முதல் 15 வருஷம் சிறை. அதே வருஷம் பிப்ரவரி 13ல இருந்து இங்க சட்டம்: பிள்ளைங்க இருக்கிற, வரக்கூடிய வீட்டுல பூட்டின பெட்டியில வைக்கணும், இல்லன்னா தோட்டாவை எடுத்துட்டுத் துப்பாக்கிக்குப் பூட்டுப் போடணும். அந்தம்மாகிட்ட இதைச் சொன்னேன், அடுத்த வாரமே பெட்டி வாங்கிட்டாங்க. கேபிள் பூட்டு பல போலீஸ் ஸ்டேஷன்ல இலவசமாவே குடுக்கறாங்க. பம்ப் ஷாட்கன்னா தோட்டாவை எடுத்துட்டு, பக்கவாட்டுத் துளை வழியா கேபிளை விட்டுப் பூட்டிடலாம்.

இர்விங் தம்பி (டெக்சாஸ்):

அண்ணா, எல்லாரும் ஒண்ணு கவனிங்க. நான் ஹெச்1பி. கிரீன் கார்டு வச்சிருக்கிற நண்பர் ரெண்டு மாசம் ஊருக்குப் போறப்ப, "உன் ரூம்ல என் ஷாட்கன் இருக்கட்டும்டா, இங்க வீடு காலியா இருக்கும்"னார். சரின்னு சொல்லிட்டேன். நல்லவேளை, ஆபீஸ்ல ஒருத்தர் தடுத்தார். ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கியைக் கையில் வச்சிருக்கிறதே மத்திய சட்டப்படி குற்றம், 15 வருஷம் வரை சிறை. வேட்டை உரிமம் மாதிரி சில விலக்கு உண்டு, அதை வக்கீல்கிட்ட கேட்டுக்கணும். "நான் வாங்கல, பாதுகாத்துத்தான் குடுத்தேன்"ங்கிறது செல்லாது. யாராவது இதே உதவி கேட்டா முடியாதுன்னு சொல்லிடுங்க, நண்பர் புரிஞ்சுப்பார்.

ஷுகர்லேண்ட்:

சின்ன விஷயம்தான். கட்டிலுக்கு அடியில் பஞ்சு வைத்த பையில் ஒரு வருடம் வைத்திருந்தேன். ஹூஸ்டன் ஈரக்காற்றில் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, குழல் முழுக்கத் துரு. இப்போது இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணி.

பெயர் வேண்டாம் (வர்ஜீனியா):

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நல்ல பெட்டி, நல்ல பூட்டு. எண் எங்கள் திருமண நாள். மகன் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது சாப்பாட்டைக் குறைத்தான், பேச்சைக் குறைத்தான். கவுன்சிலர்தான் என்னிடம் நேரடியாகக் கேட்டார்: "வீட்டில் துப்பாக்கி உண்டா? பூட்டின் எண் அவனுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். அன்று மாலை அவனிடமே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நாலு எண்ணையும் சொன்னான்.

திருடன் வெளியிலிருந்து வருவான் என்று நினைத்துத்தான் வாங்கினோம். இந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாளே என் கணவர் அதை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய், பாதுகாத்துத் தரும் கடையில் ஒப்படைத்தார். மகன் இப்போது காலேஜில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். அதை இன்னும் திரும்ப வாங்கவில்லை. வாங்கவும் எனக்கு மனமில்லை. வீட்டில் யாராவது அப்படி ஒடுங்கிப் போனால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988க்கு அழையுங்கள், எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். துப்பாக்கியை வேறு அறைக்கு மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள்.

கொற்கைக்காரன்:

அக்கா, எழுதியதற்கு நன்றி. இதைப் படித்த உடனே என் பூட்டு எண்ணை மாற்றினேன். என் எண்ணும் மகள் பிறந்த நாள்தான்.

திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள். தோட்டா எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடிகாரம் வைத்து இருட்டில் பத்துத் தடவை பார்த்தேன். கட்டிலிலிருந்து கையில் வர ஒன்பது வினாடி. மனைவிக்குப் பதினொன்று. அலமாரிப் பக்கத்திலேயே ஒரு டார்ச் தனியாகத் தொங்குகிறது. துப்பாக்கியில் பொருத்திய விளக்கு மட்டும் இருந்தால், யார் என்று பார்ப்பதற்கே முனையை அவர் மேல் திருப்ப வேண்டி வரும். சத்தம் கேட்டால் முதலில் டார்ச், பிறகு "யாரது" என்று தமிழில் ஒரு குரல், பிள்ளைகளை எங்கள் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி 911. கூடத்துக்கு நானாகப் போவதில்லை.

அப்பா டிசம்பரில் மறுபடி வருகிறார். வந்த அன்றே அலமாரியைத் திறந்து காட்டி, மே மாதம் நடந்ததையும் சொல்லப் போகிறேன். சமையலறையில் விடிய விடிய எரிகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு மாட்டியாகிவிட்டது. டீத்தூள் டப்பா இப்போது அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.