ஐஸ்லாந்துக் கள்ளன் குறி: வாழைத்தோட்டத்தில் கட்டினால் பிரயோசனம் உண்டா?

நீர்வேலியான்

வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், சிரிக்காமல் வாசியுங்கள். எங்கள் தோட்டம் நீர்வேலியில், வாழைதான் போட்டிருக்கிறோம். சில மாதங்களாகக் குலைகள் களவு போகின்றன, அதுவும் முற்றி நாங்கள் வெட்டப் போகிற கிழமை பார்த்துத்தான் போகின்றன, அதனால் இது வெளியூர்க் கள்ளன் இல்லை, தோட்டத்தைத் தெரிந்த ஆள்தான் என்கிறார் அப்பா. அப்புறம் ஒருநாள் இறைக்கிற மெசினையும் கழற்றப் பார்த்திருக்கிறார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நோர்வேயில் இருக்கிற மச்சான் ஒரு மரத்தட்டு அனுப்பியிருக்கிறான். உள்ளங்கை அளவு. நடுவில் இருந்து எட்டுக் கோடுகள் பிரிகின்றன, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் வேறு வேறு மாதிரிச் சின்னக் கீறல்கள், சுற்றிவர ஏதோ எழுத்து. வைக்கிங்குகள் கள்ளரை விரட்டப் பாவித்த ஐஸ்லாந்து மந்திரக் குறியாம், தோட்டத்தில் கட்டச் சொல்கிறான். அம்மா அதை வளவு மூலையில் இருக்கிற வைரவர் சூலத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்கிறார், அப்பாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. நம்பலாமா கூடாதா என்ற சண்டை எனக்கு வேண்டாம். இது உண்மையிலேயே கள்ளருக்கு எதிரான குறிதானா, அந்த நாட்டில் களவுக்கு என்னதான் செய்தார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையதாள்

தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வேக்வீசிர். களவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எட்டுக் கைகளும் ஒரே மாதிரி இருந்தால் ஐகிஸ்யால்முர் என்ற அச்சக் குறி, அதை ஈயத்தில் செய்து புருவங்களுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு எதிரியின் முன்னால் போவார்களாம், எதிரி நடுங்கிப்போவானாம். கைகளின் நுனி ஒவ்வொன்றும் வேறு மாதிரி என்றால் வேக்வீசிர்தான். அதை வைத்திருப்பவன் புயலிலும் கெட்ட காலநிலையிலும் வழி தவறமாட்டான், தெரியாத வழியானாலும் சரி, அவ்வளவுதான் அதன் வேலை.

வைக்கிங் கதையும் பிழை. வேக்வீசிர் நமக்குக் கிடைப்பது ஹுல்ட் என்ற கையெழுத்துப் பிரதியில், அதை கெய்ர் விக்ஃபூசன் என்பவர் 1860இல் அக்குரேய்ரி என்ற ஊரில் எழுதினார். 1860 என்றால் இங்கே ஆறுமுக நாவலர் இருந்த காலம். வைக்கிங்குகள் முடிந்து 800 வருடம் ஆகிவிட்டது. சுற்றிவர இருக்கிற எழுத்தும் அந்தப் பிரதியில் கிடையாது, பின்னாளில் பச்சை குத்துகிறவர்களும் சாமான் விற்கிறவர்களும் அழகுக்குச் சேர்த்தது. பாடகி பியோர்க் கையில் குத்தியிருப்பது இதைத்தான், அதில் வட்டமும் இல்லை எழுத்தும் இல்லை.

மச்சானைக் குறை சொல்லவில்லை, வைக்கிங் பெயரைப் போட்டால் எதையும் விற்கலாம் என்ற காலம் இது.

ஒஸ்லோ அக்கா

பழையதாள் அண்ணை சொன்னது சரி. நான் ஐஸ்லாந்து போனபோது ஹோல்மவிக் ஊரில் இருக்கிற சூனிய அருங்காட்சியகத்தைப் பார்த்தேன், 2000இல் திறந்தது. தலைநகரில் இருந்து வடக்கே நல்ல தூரம், ஸ்ட்ராண்டிர் என்ற கரையோரம். அங்கே பெரிய மரம் வளராது, சைபீரியப் பக்கமிருந்து கடல் கொண்டுவந்து ஒதுக்குகிற மரக்கட்டைதான் அந்தக் காலத்தில் வீடு கட்டவும் விறகுக்கும். குறிகளையும் மரத்திலும் எலும்பிலும் ஈயத்திலும்தான் கீறுவார்கள், சிலதைத் தோலில் இரத்தத்தால் எழுதச் சொல்லியிருக்கும்.

இனி களவு விஷயத்துக்கு வருகிறேன். களவுக்கென்றே தனியாகக் குறிகள் உண்டு, தியோஃபஸ்தாஃபுர் என்பார்கள், அதாவது கள்ளன் குறி. கால்டிராபோக் என்று ஒரு மந்திரச் சுவடி இருக்கிறது, 1600ஐ ஒட்டிய காலம், ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் எழுதிச் சேர்த்தது, 47 மந்திரம். அதில் கள்ளனைப் பற்றியது மட்டும் பல. அந்தக் காலத்து ஐஸ்லாந்தை நினைத்துப் பாருங்கள், பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று தூரம், குளிர்காலம் முழுக்க சேமித்த காய்ந்த மீனும் வெண்ணெயும்தான் சாப்பாடு, அதை ஒருவன் எடுத்துக்கொண்டு போனால் வீட்டில் சிலவேளை ஆள் சாகும். அதே சுவடியில் தலையிடிக்கும் நித்திரைக்கும் மந்திரம் உண்டு, ஒருவனைச் சபையில் விடாமல் குசு விட வைக்கவும் மந்திரம் உண்டு (உண்மையாகத்தான் சொல்கிறேன்). இயேசுவையும், கிறிஸ்தவத்துக்கு முந்திய பழைய தெய்வங்களான ஓடினையும் தோரையும், சாத்தானையும் ஒரே மூச்சில் கூப்பிடுவார்கள், யார் வந்தாலும் சரி என்கிற மாதிரி.

கள்ளனைக் காணுகிற முறை இது: ஒரு தட்டின் அடியில் குறியைக் கீற வேண்டும், அதில் தெளிந்த தண்ணீர் விட்டு, அக்கிலியா மில்லிஃபோலியம் என்ற மூலிகையைப் போட வேண்டும். கொத்தாக வெள்ளைப் பூப் பூக்கிற சாதாரணப் புல்வெளிச் செடிதான் அது. மந்திரத்தைச் சொல்லிக் கொண்டு பார்த்தால் களவெடுத்தவனின் முகம் தண்ணீரில் தெரியும்.

கவனித்தீர்களா, இது கள்ளன் உள்ளே வராமல் தடுக்கிற வேலை இல்லை. களவு போன பிறகு யார் என்று பார்க்கிற வேலை. தடுக்கிற குறிகளும் இருக்கின்றன, ஆனால் விபரமாக எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் ஆளைக் கண்டுபிடிக்கிற வழியைத்தான்.

சின்னமணி

அட, இது எங்கட மை பார்க்கிறதுதானே! வெற்றிலையில் மை தடவி, சின்னப் பிள்ளை ஒன்றைப் பிடித்து இருத்தி, யார் தெரிகிறார், சேட்டு என்ன நிறம், எந்தப் பக்கம் போகிறான் என்று கேட்பார்கள். ஐஸ்லாந்துக்காரனுக்கு வெற்றிலை கிடைக்கவில்லை போல, தட்டை எடுத்திருக்கிறான்.

அப்புறம் கள்ளனுக்கு நோவு வரச் செய்கிற விஷயம் ஏதும் அங்கே உண்டா? தெற்கில் சீனிகம தேவாலயத்தில் மிளகாயும் மிளகும் அரைத்துக் கள்ளனைச் சபிப்பார்கள், இந்தியாவில் ஆனைமலை மாசாணியம்மனுக்கும் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள், எடுத்தவன் உடம்பு எரிந்து தானாக வந்து கொடுப்பான் என்பது நம்பிக்கை. நீர்வேலியானுக்கு அதுதான் சரி, ஒரு கிலோ செத்தல் வாங்கினால் போதும்.

பழையதாள்

இருக்கிறது சின்னமணி, அதுவும் நல்ல கடுமையாக. யோன் ஆர்னாசன் என்பவர் 1862 முதல் 1864 வரை இரண்டு தொகுதியாக ஐஸ்லாந்து நாட்டார் கதைகளை அச்சிட்டார், அதில் தோரின் சுத்தியல் செய்முறை வருகிறது. மூன்று முறை களவாடப்பட்ட தேவாலய மணியின் செம்பில் சுத்தியல் செய்ய வேண்டும். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, வழிபாட்டில் நிருபம் வாசித்து முடித்து நற்செய்தி தொடங்குவதற்கு இடையில், அதை மனித இரத்தத்தில் தோய்த்துப் பதப்படுத்த வேண்டும். கூர் முனை ஒன்றும் வேண்டும். பொருள் களவு போனால் அந்த முனையால் சுத்தியலைக் குத்திக்கொண்டு, இந்தத் தெய்வத்தின் கண்ணில் குத்துகிறேன், அந்தத் தெய்வத்தின் கண்ணில் குத்துகிறேன் என்று ஓடின், தோர் பெயர்களைச் சொல்ல வேண்டும். கள்ளனுக்குக் கண் வலிக்கத் தொடங்கும். பொருளைத் திருப்பித் தராவிட்டால் இன்னொரு முறை, கண் போகும். பிறகும் தராவிட்டால் மற்றக் கண்.

கள்ளனைப் பிடிக்க முதலில் மூன்று தரம் களவு போன மணி ஒன்று வேண்டும் என்பதை யாராவது யோசித்தார்களா தெரியாது. அந்த மந்திரங்களில் இப்படித்தான், களவும் காவலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். லாசபிரியோத்துர் என்று ஒரு குறி, திறப்பு இல்லாமல் பூட்டைத் திறக்க. காசு வற்றாமல் இருக்க நாப்ரோக் என்ற, செத்த ஆளின் தோலில் செய்த காற்சட்டையைப் போட வேண்டும், அது வேலை செய்ய முதலில் ஓர் ஏழை விதவையிடம் ஒரு நாணயம் திருடி அதற்குள் வைக்க வேண்டும். ஒஸ்லோ அக்கா அதன் மாதிரியை அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பார்.

ஒஸ்லோ அக்கா

பார்த்தேன். பார்த்த பிறகு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

கைதடி ஆள்

எல்லோரும் சுவாரசியமாகக் கதைக்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்லப் போகிறேன். இந்த மாதிரி மந்திரம் வேலை செய்வது கள்ளனின் கண்ணில் இல்லை, காதில். தட்டு கீறினார்கள், மிளகாய் அரைத்தார்கள் என்று ஊரில் கதை பரவ வேண்டும், எடுத்தவன் அதைக் கேட்டு நித்திரை இல்லாமல் கிடந்து, ஒரு இரவு பொருளை வேலிக்கு மேலால் போட்டுவிட்டுப் போவான். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சின்ன இடத்தில் இது நடக்கக்கூடியதுதான், ஐஸ்லாந்துப் பண்ணையானாலும் நீர்வேலியானாலும்.

ஆனால் தண்ணீரில் முகம் பார்க்கப் போகிறவன் யாருடைய முகத்தைப் பார்ப்பான்? ஏற்கெனவே மனதில் சந்தேகப்பட்டவனுடையதைத்தான். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தோடு காணாமல் போய், மை பார்த்து, தோட்ட வேலைக்கு வந்த பெண் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. தோடு இன்றுவரை கிடைக்கவில்லை, ஆகவே அவள் எடுத்தாளா இல்லையா என்று இப்போதும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐஸ்லாந்திலும் குறி கீறியவன் சுகமாக இருக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் சூனியம் செய்ததாக 21 பேரை எரித்தார்கள், அதில் ஒருத்தி மட்டும் பெண், மற்றவர்கள் எல்லோரும் ஆண்கள். ஐரோப்பாவின் மற்றப் பக்கங்களில் எரிக்கப்பட்டது பெரும்பாலும் பெண்கள், இங்கே தலைகீழ். 1625இல் எரிக்கப்பட்ட முதல் ஆள் யோன் ரொக்ன்வால்ட்சன், அவரிடம் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் எழுதிய தாள்கள் இருந்ததும் வழக்கில் வந்தது. ஸ்ட்ராண்டிரில் திரேக்கிலிஸ்விக் என்ற இடத்தில் 1654இல் மூன்று பேர், தேவாலயத்தில் பெண்கள் மயங்கி விழுந்ததற்கு இவர்கள் காரணம் என்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இன்னும் 4 வருடம் இருந்தது அப்போது. வீட்டில் குறி கீறிய கடதாசி இருப்பதே ஆபத்து என்ற காலம் அது, பக்கத்துப் பண்ணைக்காரனுக்கு உங்களைப் பிடிக்காவிட்டால் அதுவே சாட்சி.

நீர்வேலியான், உங்கள் அப்பா யாரையோ மனதில் வைத்திருக்கிறார் என்று எழுத்தில் தெரிகிறது. தட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அதைப் பற்றித்தான் கவலை.

நீர்வேலியான்

உண்மைதான் அண்ணை, பின்வளவுக்காரரில்தான் அப்பாவுக்குச் சந்தேகம். காணி எல்லைப் பிரச்சினை ஒன்று பழையது இருக்கிறது, கதியால் நட்ட இடம் பற்றி. அவர் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை, அவருடைய குலையும் ஒன்று போயிருக்கிறது. ஆகவே மையும் வேண்டாம் தண்ணீர்த் தட்டும் வேண்டாம். ஆனால் அம்மா மிளகாய்க் கதையை வாசித்துவிட்டு (நான்தான் போனைக் காட்டினேன்) சந்தோஷமாக இருக்கிறார், அதைத் தடுக்க என்னால் முடியாது.

கேட்பதற்கு இன்னொன்று. மந்திரம் தவிர்த்து, குலைக்கு யாராவது ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

சந்தைப்பக்கம்

நான் வாழைக்குலை வாங்கி விற்கிறவன், ஆகவே கள்ளக்குலை வருகிற பக்கம் எனக்குத் தெரியும். குலையைக் களவெடுக்கிறவன் வீட்டில் வைத்துச் சாப்பிடுவதில்லை, விடிய முதல் சந்தைக்குக் கொண்டுவருவான். முற்றத் தொடங்கும்போதே காம்பில், தண்டோடு ஒட்டிய பக்கமாக, பெயின்றால் உங்கள் எழுத்து ஒன்றைப் போட்டுவிடுங்கள், எல்லாக் குலைக்கும் ஒரே எழுத்து. பிறகு திருநெல்வேலிச் சந்தையில் வாங்குகிற ஆட்களிடம், இந்த எழுத்தோடு வேறு யாரும் கொண்டுவந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று சொல்லி வையுங்கள். காம்பைச் சீவிக்கொண்டு வருவான்தான், ஆனால் சீவின காம்பைப் பார்த்தாலே நாங்கள் கேட்போம். மெசினை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் சங்கிலி போட்டுச் சீமெந்துக் கட்டில் பூட்டுங்கள், வெறும் நைலோன் கயிற்றை நம்பாதீர்கள்.

பின்வளவுக்காரரிடமும் போய், ஐயா உங்களுக்கும் போயிருக்கிறதாமே, இரண்டு பக்கமும் ஒன்றாக எழுத்துப் போடுவோமா என்று கேளுங்கள். எல்லைக் கதையை அன்றைக்கு எடுக்க வேண்டாம்.

சின்னமணி

நல்ல யோசனை. ஒஸ்லோ அக்காவிடம் ஒரு கேள்வி, எங்கள் மாடு திடீரென்று பால் குறைந்துவிட்டது, இரவில் யாராவது கறக்கிறார்களோ என்று சந்தேகம். அதற்கும் குறி உண்டா?

ஒஸ்லோ அக்கா

அதற்கு மாட்டு வைத்தியரைக் கூப்பிடு சின்னமணி, காய்ச்சலாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டதால் சொல்கிறேன், ஐஸ்லாந்தில் பால் களவுக்கென்றே தில்பெரி என்று ஒன்று இருந்ததாம். ஒரு பெண் புதைத்த ஆளின் விலா எலும்பைத் தோண்டி எடுத்து, ஆட்டு உரோமத்தால் சுற்றி, தேவாலயத்தில் கொடுக்கிற நற்கருணை இரசத்தை விழுங்காமல் கொண்டுவந்து அதன்மேல் துப்பினால் அது உயிர் பெறும். அயலவரின் ஆட்டிலும் மாட்டிலும் போய்ப் பால் குடித்துவிட்டு வந்து, இவள் வெண்ணெய் கடைகிற பாத்திரத்துக்குள் கக்கும். அப்படி வந்த வெண்ணெயா என்று சந்தேகம் இருந்தால் அதன்மேல் சிலுவையோ ஸ்மியோர்ஹ்னூத்துர் என்ற குறியோ கீறுவார்கள், கள்ள வெண்ணெய் என்றால் உடைந்து நுரையாகப் போய்விடும். உங்கள் அயலில் யார் வெண்ணெய் விற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொல்.