புதுப்பிப்பு: எங்கள் பெங்கால் பூனையின் கழிச்சல்

போன மாதம் கேட்டிருந்தேன்: பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்களோடு இருக்கும் பத்து மாத பெங்கால் பூனை முத்துவுக்கு ஓயாத கழிச்சல், மூன்று முறை பூச்சிமருந்து கொடுத்தும் நிற்கவில்லை என்று. "மலத்தைப் பிசிஆர் சோதனைக்குக் கொடுங்க" (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) என்று சொன்ன அக்காவுக்குக் கோடி நன்றி.

காரணம் டிரைடிரைகோமோனாஸ், ஒரு செல் ஒட்டுண்ணி. பல பூனைகள் நெருக்கமாக வளரும் இடங்களில் மணல்தட்டு வழியே பரவும். வழக்கமான பூச்சிமருந்துக்குச் சாகாது. டாக்டர் எடை பார்த்து ரோனிடசோல் என்ற மருந்தை 14 நாளுக்குக் கொடுத்தார். அளவு மிஞ்சினால் நரம்பைத் தாக்கும் என்பதால், நடை தள்ளாடுகிறதா என்று தினமும் பயந்து பயந்து பார்த்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மணல்தட்டைக் கழுவி மணல் முழுவதையும் மாற்றினோம். இப்போது மலம் கெட்டி, எடையும் ஏறுகிறது. மறுசோதனை பாக்கி.

"காட்டுப் பூனைதானே, பச்சை இறைச்சி போடுங்க" என்ற தம்பிக்கு: நம் மலேசியக் காடுகளிலும் திரியும் சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு கலந்து உண்டானதுதான் பெங்கால் இனம். ஆனால் முத்து பல தலைமுறை தள்ளிப் பிறந்தவன். பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தேறிவரும் குடலுக்கு அது வேண்டாம்.

பால்கனிக்கு வலை அடித்தாயிற்று. குளியலறை வாளியில் கைவிட்டுத் தண்ணீர் இறைக்கும் பழைய விளையாட்டை நேற்று மறுபடி தொடங்கிவிட்டான்.