பாலை விறகும் பேர்ச் விறகும் ஒரே சூடாம், கேட்டீர்களா?

மாங்குளத்தான்:
நோர்வேயில் இருக்கிற எங்கள் பனிக்காட்டான் தம்பி வீடு சூடாக்க, தண்ணீரைச் சூடாக்கி வீடு முழுக்கச் சுற்றவிடுகிற விறகுக் கொதிகலன் அடுப்பு வாங்கப் போகிறாராம். நல்லது, வாங்கட்டும். அதோடு விட்டாரா? நேற்று இந்தக் குழுவில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "காய்ந்துவிட்டால் எல்லா விறகும் ஒன்றுதான், எங்கட பாலையும் இங்கத்தைய பேர்ச்சும் ஒரே சூடு." இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐயா, பாலைக் கட்டை ஒன்றைக் கனகராயன் ஆற்றில் போட்டுப் பாரும். கல்லு மாதிரித் தாழும். பேர்ச் என்கிற அந்தக் குளிர்நாட்டு மரத்தைப் போட்டால் மிதந்து இரணைமடுக் குளத்துக்கே போய்விடும். இரண்டும் ஒன்றா?

பனிக்காட்டான்:
அண்ணை, வெட்டி ஒட்டாமல் முழுதாகப் போடுங்கள். "கிலோவுக்குக் கிலோ" என்று எழுதியிருந்தேன். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே வந்தால் எந்த மரமும் கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட் மணிச் சூடுதான் தரும். எனக்கு இப்போது மரம் பிரச்சினையே இல்லை, தண்ணீர்தான் பிரச்சினை. வீட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே போனால் கொதிகலனுக்குள் புகை தார் மாதிரிப் படிந்து இரும்பை அரிக்கும். சூட்டைச் சேர்த்து வைக்கத் தண்ணீர்த் தாங்கி வேறு வேண்டும். கிலோவாட்டுக்கு 50 லீற்றர் என்று பார்த்தாலும் 20 கிலோவாட் அடுப்புக்கு 1000 லீற்றர். அந்தத் தாங்கி எங்கள் நிலவறைக் கதவுக்குள்ளால் போகாது. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:
தாங்கிக் கதையை விடும். கட்டை தாழுமா, தாழாதா?

வெட்டுக்கிளி:
தாழ்கிறதெல்லாம் எரியும் என்றால் அம்மிக்கல்லையும் அடுப்புக்குள் தள்ளுங்கள் அண்ணை. இரவிரவாக எரியும்.

மாங்குளத்தான்:
அம்மியை இதற்குள் இழுக்கிறவருக்கு விறகைப் பற்றி என்ன தெரியும்? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை போட்டபோது மண்ணெண்ணெய் ஒரு போத்தல் மருந்து மாதிரி. வன்னியில் எத்தனை வீட்டு அடுப்பை எரித்தது பாலை மரமும் வீரை மரமும். பின்னேரம் வைத்த பாலைக் கொள்ளி, சாம்பலைக் கிளறினால் விடியவும் தணலாகக் கிடக்கும். நெருப்புப்பெட்டி மிச்சம். அந்தக் காலத்தில் கொழும்பில் காஸ் அடுப்பில் தேத்தண்ணி வைத்தவர்கள் இப்போது எனக்குக் கிலோக் கணக்குச் சொல்கிறார்கள்.

வெட்டுக்கிளி:
யார் கொழும்பில்? நான் பிறந்தது வளர்ந்தது புதுக்குடியிருப்பு. 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் மூன்று கல்லு வைத்து ஊதி ஊதி என் கண் போனது. அங்கே பாலையா வீரையா என்று கேட்டுக்கொண்டா எரித்தோம்? நனைந்த தடி கிடைத்தால் அதுவும் அடுப்புக்குள்தான். ஈரத் தடி எந்தச் சாதி என்றாலும் புகைதான் தரும். பனிக்காட்டான் சொன்ன ஈரக் கணக்கு அதுதான். உங்களுக்கு மரத்தின் பெயர் மட்டும்தான் காதில் விழுகிறது.

அடுப்படி அக்கா:
சமைக்கிறவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. பாலைத் தணல் நல்லதுதான், ஆனால் அவசரத்துக்கு அது உதவாது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் எனக்குத் தேங்காய்ப் பொச்சும் பன்னாடையும் பனம்மட்டையும்தான் வேண்டும், தீ உடனே பிடிக்கும். 2022இல் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 5000 ரூபாவை முட்டிய நேரம் களிமண் அனகி அடுப்பு ஒன்று வாங்கினேன். ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு சட்டி கொதிக்கும், மூன்று கல்லை விட விறகு குறைவு. ஆனால் வாய் சின்னது, விறகை மெல்லிசாகப் பிளந்து கொடுக்க வேண்டும். பாலையை மெல்லிசாகப் பிளக்கிற ஆம்பிளை யாராவது இங்கே இருந்தால் கை தூக்குங்கள். கோடரி தெறித்து நெற்றியில் பட்டவரை எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன்.

மாங்குளத்தான்:
அது கோடரியின் பிழை. காம்பு ஆடினது.

வெட்டுக்கிளி:
அது என்னுடைய கோடரி! இரண்டு வருடத்துக்கு முதல் "நாளைக்குத் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனீர்கள். காம்பு ஆடுகிறது என்று இப்போதுதான் தெரிகிறது எனக்கு.

மாங்குளத்தான்:
கோடரியைப் பற்றிப் பிறகு கதைப்போம். பாலை தாழும் என்பதை ஒருவரும் மறுக்கவில்லை, எல்லாரும் கவனியுங்கள்.

குளக்கட்டுக்காரன்:
ஒரு சின்னக் கேள்வி. இவ்வளவு பாலை எரித்தேன் என்கிறாரே, அனுமதிப் பத்திரம் இருந்ததா? காட்டில் பாலையைத் தறித்தால் வன இலாகா கொண்டுபோய் உள்ளே வைக்கும். பாலைப்பழக் காலத்தில் பழத்துக்காகக் கொப்பை முறிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இவர் கட்டை கட்டையாகக் கதைக்கிறார்.

மாங்குளத்தான்:
பட்ட மரம், காற்றுக்கு விழுந்த கொப்பு. பச்சை மரத்தில் கை வைத்தேன் என்று யாராவது நிரூபித்தால் குழுவை விட்டே போகிறேன்.

அடுப்படி அக்கா:
போன மாசமும் போகிறேன் என்றுதான் சொன்னீர்கள்.

பனிக்காட்டான்:
நான் கேட்டது அப்படியே கிடக்கிறது. சரி, இன்னொன்று. கரண்ட் போனால் தண்ணீரைச் சுற்றும் பம்பி நின்றுவிடும், ஆனால் உள்ளே விறகு எரிந்துகொண்டே இருக்கும். காஸ் மாதிரித் திருகி அணைக்க முடியாது. தண்ணீர் கொதித்து அமுக்கம் ஏறினால் வெடிக்கவும் கூடும். அதற்குப் பாதுகாப்பு வால்வு வைக்கிறார்கள். மேலே திறந்த தாங்கி வைத்து ஆவியை வெளியே விடுகிற முறையும் இருக்கிறது. ஆலையில் நெல் அவிக்கிற கொதிகலனோடு பழகியவர்கள் இங்கே இருப்பீர்கள், எது நல்லது என்று சொல்லுங்கள். அப்புறம் அண்ணை, உங்களுக்காகச் சொல்கிறேன்: பேர்ச் காய்ந்தால் ஒரு கனமீற்றர் 600 கிலோ சொச்சம், பாலை 1000 கிலோவைத் தாண்டும். அதனால்தான் தாழ்கிறது. ஒரே அளவுக் கட்டை என்றால் பாலையில் சூடு கூட. இதை நான் எங்கே மறுத்தேன்? நான் கிலோவைப் பற்றி எழுதினேன்.

மாங்குளத்தான்:
எல்லாரும் பார்த்தீர்களா? ஒத்துக்கொண்டுவிட்டார்! "பாலையில் சூடு கூட." அவருடைய சொந்த வாய்.

பனிக்காட்டான்:
ஒத்துக்கொள்ளவில்லை! கட்டைக் கணக்கு வேறு, கிலோக் கணக்கு வேறு.

மாங்குளத்தான்:
எங்கள் ஊரில் விறகைத் தராசில் வைத்தா விற்கிறார்கள்? கட்டாகத்தான் வரும், ரக்ரர் பெட்டியில் வரும். கட்டுக்குப் பாலை கூட என்றால் கூடத்தான். கிலோவை அங்கேயே வைத்திரும், குளிருக்குப் போர்த்திக்கொண்டு படும்.

வெட்டுக்கிளி:
அங்கே அவர் ரக்ரர் பெட்டியில் பாலையா இறக்கப் போகிறார்? கிடைக்கிற பேர்ச்சை எரிக்கப் போகிற மனுசனிடம் மூன்று நாளாகப் பாலை விற்கிறீர்கள்.

குளக்கட்டுக்காரன்:
அதுவும் பத்திரம் இல்லாத பாலை.

மாங்குளத்தான்:
இப்போதுதான் கிணற்றடிக்குப் போய்ப் பாலைத் துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு வருகிறேன். ஒரே மூச்சில் அடிக்குப் போனது. பேரன் சாட்சி. வெளிச்சம் வந்ததும் படம் போடுகிறேன்.

பனிக்காட்டான்:
காய்ந்த துண்டா, பச்சைத் துண்டா?

மாங்குளத்தான்:
தாழ்ந்ததா இல்லையா, அதைக் கேளும்.

வெட்டுக்கிளி:
அந்தத் துண்டை எந்தக் கோடரியால் வெட்டினீர்கள்?

மாங்குளத்தான்:
தம்பி, உமக்குக் கோடரி வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போம். புதுக் காம்பு போட்டிருக்கிறேன், பாலைக் காம்பு. அதற்கு 600 ரூபா தர வேண்டும்.