புதுப்பாளையத்தில் இரண்டு நாள்: ராஜாஜியிடம் எங்கே தொடங்கலாம்?

கேள்வி:
தோழிகள் ஆறு பேர் சனி, ஞாயிறு திருச்செங்கோடு போகிறோம். 1925இல் ராஜாஜி புதுப்பாளையத்தில் தொடங்கிய காந்தி ஆசிரமத்தைப் பார்த்துவிட்டு, அவர் வாழ்க்கையைப் பேச ஆசை. பதவி உயர்வு கை நழுவியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. எதில் தொடங்கட்டும்?

பதில்:
நன்றாக நடந்த வக்கீல் தொழிலை விட்டவர், அங்கே கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்று இறங்கினார். அதில் தொடங்குங்கள்மா. ராட்டை கிடைத்தால் நூற்றுப் பாருங்கள். இழை அறுந்துகொண்டே இருக்கும்.

பதில்:
தங்கச்சி, 1948இல் கவர்னர் ஜெனரல். 1952இல் சென்னை மாநில முதல்வர். உச்சியில் இருந்தவர் சின்ன நாற்காலியை மறுக்கவில்லை. எனக்கு வேலை போன வருஷம் இதைத்தான் பிடித்துக்கொண்டேன். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று அவர் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு வந்து, 1954இல் முதல்வர் பதவியிலிருந்து விலகியதையும் பேசுங்கள். அந்தத் திட்டம் தவறு என்பதுதான் என் எண்ணம்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சனி இரவுக்கு அந்த நாற்காலிக் கதைதான்.