மதுரையிலிருந்து அந்தமானுக்கு ராஜபாளையம் நாய்: எங்கே தொடங்கணும்?

கேள்வி: ரெண்டு மாசத்துல போர்ட் பிளேருக்கு மாற்றல். நாய்க்கு 3 வயசு, 28 கிலோ. முதல்ல என்ன செய்யணும் அண்ணே?

பதில் 1: ஊசி, தம்பி. அங்கே எலிக்காய்ச்சல் அதிகம். தேங்குற மழைத்தண்ணியில எலி மூத்திரம் கலந்து நாய்க்கும் தொத்தும். அதுக்கான தடுப்பூசி, லெப்டோ ஊசி, ரெண்டு தவணை, 3–4 வாரம் இடைவெளி. இன்னைக்கே முதல் தவணையைப் போட்டுடுங்க.

பதில் 2: எல்லா விமானத்துலயும் நாயை ஏத்த மாட்டாங்க, கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. கூண்டுல நின்னா தலை இடிக்கக் கூடாது, முழுசா திரும்பணும். கூண்டோட ரெண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப்பைக் கழட்டிட்டு போல்ட்டு நட்டு முடுக்குங்க. தூக்கும்போது கிளிப்புதான் தெறிக்கும். சோத்தை இப்பவே கூண்டுக்குள்ள வச்சுப் பழக்குங்க. மயக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்: ரத்த அழுத்தம் இறங்கி மூச்சு திணறும்.

பதில் 3: நம்மூர் வெயில் வறண்டது, அங்கே புழுக்கம். நாக்கைத் தொங்கவிட்டு இரைச்சாலும் சூடு சுலபமா தணியாது. நடை விடியக்காலையில மட்டும். நனைஞ்சா காதுமடிப்பு, விரலிடுக்கு ஈரத்தைத் துடைங்க, பூஞ்சை அங்கேதான் பிடிக்கும்.