ஆடி மழையில் ஆயுர்வேத ரிசார்ட்: தங்கி வந்தவர்களின் அனுபவங்கள்

நாகர்கோவிலிலிருந்து:

ஆயுர்வேத ரிசார்ட்டுக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான் அறை தேடுகிறார்கள். வெயில் இதமாக இருக்கும், கடலில் இறங்கலாம், படம் எடுக்கலாம். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். உடம்புக்கும் மனசுக்கும் நிஜமான ஓய்வு வேண்டுமென்றால் ஆடியில் போங்கள். மலையாளத்தில் கர்க்கடகம், ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடு வரை. மழை கொட்டும், கடலில் கால் வைக்க முடியாது, ஊர் சுற்ற வழியில்லை. அதனால்தான் போகச் சொல்கிறேன்.

நானும் அம்மாவும் தங்கியது கேரளத்துக் கோவளத்துக்குத் தெற்கே, சொவ்வரைப் பக்கம். செம்மண் குன்றின் மேல் தென்னந்தோப்பு, அதற்குள் ஓட்டு வீடுகள், கீழே கடல். களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் போனோம். அம்மா பிறந்தபோது எங்கள் ஊரே திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டம் இந்தப் பக்கம் சேர்ந்தது. எனவே எல்லையைத் தாண்டுகிறோம் என்ற நினைப்பே அம்மாவுக்குக் கிடையாது. போனதுமே தோட்டக்காரரிடம் மலையாளத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். நான் பெட்டியை எடுத்து வைப்பதற்குள் அவருடைய பெண் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறாள் என்பது வரை தெரிந்துகொண்டார்.

முதல் நாள் எண்ணெயே கிடையாது, வைத்தியர் மட்டும்தான். இளம்பெண், ஆனால் அவசரமே இல்லாதவர். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்டார் என்றால் தூக்கம், பசி, மலம், இரவில் என்ன சாப்பிடுவது, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது என்று அரை மணி நேரம் கேட்டார். நாடி பார்த்தார், ரத்த அழுத்தமும் பார்த்தார், அம்மா சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் எடுத்து வரச் சொல்லிக் குறித்துக்கொண்டார். அப்புறம் பத்தியம். பகலில் தூங்கக் கூடாது. பச்சைத் தண்ணீர் கூடாது. தலையில் காற்று படக் கூடாது, மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கக் கூடாது. இருட்டுவதற்கு முன்பே சாப்பாடு. செல்போனை முடிந்த அளவு தள்ளி வைக்க வேண்டும். நீச்சல் குளம் பக்கமே போக வேண்டாம். "குளம் இவ்வளவு அழகா இருக்கே" என்று நான் இழுத்தேன். "அது டிசம்பர்ல வர்றவங்களுக்கு. நீங்க வேற காரியத்துக்கு வந்திருக்கீங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தக் கண்டிப்புதான் எங்களுக்கு ஓய்வு கொடுத்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். வீட்டில் ஓய்வு என்றால் நாமாக முடிவெடுத்து, நாமாக மீறிவிடுவோம். அங்கே எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, என்ன குடிப்பது என்று ஒன்றையும் நான் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிகிச்சை அறையில் நீளமான மரக்கட்டில், மலையாளத்தில் பாத்தி என்கிறார்கள். வழிகிற எண்ணெய் வீணாகாமல் ஒரு மூலையில் சேர்கிற மாதிரி விளிம்பு வைத்துக் குடைந்த மரம். பெண்களுக்குப் பெண்கள்தான் செய்வார்கள், ஆண்களுக்கு ஆண்கள். எங்களுக்கு வந்த இருவரில் மூத்தவர் பாறசாலைக்காரர், நாற்பது வயதிருக்கும். குத்துவிளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்கினார். எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஒவ்வொரு முறையும் தன் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகே அம்மாவின் மேல் ஊற்றினார். இரண்டு பக்கமும் இருவர் நின்று தோளிலிருந்து பாதம் வரை ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் இழுத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, பேச்சும் இல்லை. ஓட்டின் மேல் மழைச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் எந்தக் கை யாருடையது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்கு ஞவரக்கிழி. ஞவரை, கிட்டத்தட்ட அறுபது நாளில் விளைகிற கேரளத்து நெல். அந்த அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டி வேர்க் கஷாயத்திலும் குழைய வேகவைத்துத் துணியில் முடிந்து, அதே பாலும் கஷாயமும் கொதிக்கிற பாத்திரத்தில் முக்கி முக்கி எடுத்து ஒற்றித் தேய்ப்பார்கள். சூடு ஆறுவதற்குள் அடுத்த கிழி வந்துவிட வேண்டும். பாறசாலைக்காரரின் உள்ளங்கை சிவந்து போயிருந்ததைப் பார்த்து அம்மாவுக்குத் தாங்கவில்லை. "கை பொள்ளாதா மக்ளே?" என்று கேட்டார். "பழகிப் போச்சு அம்மே" என்றார் அவர். மறுநாளிலிருந்து கிழி முடிந்ததும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்தத் தங்கலில் மனசில் நின்றது இதுதான்.

எனக்குத் தாரை. நெற்றிக்கு மேலே தாராச்சட்டி தொங்கும், அதன் அடியில் இருக்கிற துளை வழியாகத் திரி இறங்கும், அதைப் பிடித்து வெதுவெதுப்பான எண்ணெய் மெல்லிய ஒழுக்காக நெற்றியில் விழும். ஒரு பொட்டிலிருந்து இன்னொரு பொட்டுக்கு, திரும்ப அங்கிருந்து இங்கே. முதலில் மூளை சும்மா இருக்கவில்லை. ஆபீஸ் கணக்கு, பையனின் கல்லூரிக் கட்டணம், வீட்டில் பால்காரரிடம் சொன்னோமா என்று ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. முடிந்ததும் தலையைத் துடைத்து உச்சியில் ராஸ்னாதிப் பொடி வைத்துத் தேய்த்தார்கள். சிறுபயறு மாவு போட்டுக் குளியல். எழுந்து வெளியே வந்தபோது யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

சாப்பாடு காலையில் கர்க்கடகக் கஞ்சி. ஞவரை அரிசி, வெந்தயம், சீரகம், தேங்காய்ப்பால், இன்னும் பெயர் தெரியாத பச்சிலைகள். கொஞ்சம் கசக்கும். பலா இலையைக் குவித்துத் தென்னை ஈர்க்கால் குத்தி ஸ்பூன் மாதிரி செய்து தருவார்கள். பக்கத்து மேஜையில் ஒரு ஜெர்மன் பாட்டி, எழுபதைத் தாண்டியவர், வருஷா வருஷம் மழைக்காலத்தில் வருகிறவராம். அந்த இலையை எப்படிப் பிடித்தால் கஞ்சி ஒழுகாது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். வெயில் எங்கள் ஊரில் கிடைக்காது, ஆனாலும் இங்கே மழைக்குத்தான் வருகிறேன் என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டால் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர்தான், நாள் முழுக்க.

சாயங்காலங்களில் திண்ணையில் உட்கார்ந்து கடலைப் பார்ப்போம். அந்த மாதத்தில் கேரளத்தில் விசைப்படகுகளுக்குத் தடை, ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள். ஆனால் விழிஞ்ஞத்து விரிகுடா ஒதுங்கலான இடம் என்பதால் சின்ன வள்ளங்கள் அங்கிருந்து கடலுக்குப் போகும். மழை விட்ட இரவுகளில் தூரத்தில் அந்த வள்ளங்களின் விளக்குகள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் புதுத் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்கள்.

முழங்கால் வலி முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. குறைந்தது, மாடிப்படி ஏறும்போது முனகல் இல்லை. ஆனால் வீட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கிடக்கும் அம்மா அங்கே கதவைத் தட்டும் வரை தூங்கினார். எனக்கு அது போதும்.

கோயம்புத்தூரிலிருந்து:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் குளிர்காலப் பயணத்தை இப்படி ஒதுக்கிவிட முடியாது. நாங்கள் குழந்தைகளோடு ஜனவரியில் குமரகம் போனோம். கோட்டயத்தில் இறங்கினால் பக்கம்தான். ஏரிக்கரையில் பழைய மர வீடுகளைப் பிரித்துக்கொண்டுவந்து மறுபடி பூட்டிக் கட்டிய ரிசார்ட். வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது 2001 புத்தாண்டுச் சமயத்தில் வந்து ஓய்வெடுத்தது குமரகத்தில்தான் என்பதால் எங்கள் அப்பாவுக்கு அந்த ஊர் மேல் தனிப் பிரியம்.

பத்தியம் எல்லாம் கிடையாது. காலையில் ஒரு மணி நேரம் எண்ணெய் மசாஜ், மத்தியானம் கரிமீன் பொள்ளிச்சது, சாயங்காலம் படகு. எங்களுக்குக் கிடைத்த பெரிய விருந்து படகுக்காரர்தான். அறுபது வயதுக்காரர், பெயர் சொல்லவில்லை, எல்லாரும் சேட்டன் என்றே கூப்பிட்டார்கள். ஏரியில் ஏன் இவ்வளவு ஆகாயத்தாமரை என்று என் மகள் கேட்டாள். மோட்டாரை நிறுத்திவிட்டு விளக்க ஆரம்பித்தார். குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன; உப்புத் தண்ணீர் ஏறிவிடாமல் இருக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை; டிசம்பர் வாக்கில் ஷட்டரை இறக்கினால் நெல்லுக்கு நல்லது, ஆனால் உப்பு வராததால் பாசியும் தாமரையும் சாகாது, மீனும் முன்பு போல் ஏறி வராது. "நெல்லுகாரனும் எங்க ஆளு, மீன்காரனும் எங்க ஆளு, யாருக்காகப் பேசறது?" என்றார். மகள் பள்ளியில் போய் அதையே கட்டுரையாக எழுதினாள்.

சிகிச்சை என்று பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. மசாஜ் சுகமாக இருந்தது, திரும்பி வந்த வாரமே பழைய முதுகுவலியும் வந்துவிட்டது. குடும்பத்தோடு சந்தோஷமாக இருக்கப் போனோம், அது கிடைத்தது.

கொழும்பிலிருந்து:

எங்கட பக்கம் பெந்தோட்டை, பேருவளைக் கரையிலும் இதே மாதிரி ஆயுர்வேத ஹோட்டல்கள் நிறைய. அங்கேயும் ஜெர்மன்காரர்தான் கூட. பெந்தோட்டையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் கடைசியில் கட்டிய ஹோட்டல் ஒன்று இருக்கிறது. தங்காவிட்டாலும் ஒருக்கால் உள்ளே போய்ப் பாருங்கோ. மழையும் காற்றும் எங்கிருந்து வருகுது என்று தெரிந்து கட்டின மனுஷன். மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கரையில் கடல் கொந்தளிப்பு, ஹோட்டலில் ஆள் குறைவு, வைத்தியருக்கும் உங்களோடு கதைக்க நேரம் இருக்கும். காலையில் தேத்தண்ணி கேட்டேன், செவ்விளநீர்தான் தந்தார்கள். இரண்டு நாள் தலையிடி, பிறகு பழகிவிட்டது.

மதுரையிலிருந்து:

எங்களுக்கு நேர்ந்தது வேறு. பெயர் வேண்டாம். இரண்டு இரவு "பேக்கேஜ்" என்று போட்டிருந்தார்கள். வைத்தியர் யாரும் பார்க்கவில்லை, வரவேற்பறையில் ஒரு படிவத்தில் டிக் அடிக்கச் சொன்னார்கள். எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே எண்ணெய். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லியும் தலையில் வைத்துவிட்டார்கள், ஊர் திரும்பி இரண்டு வாரம் இருமினேன். நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நாகர்கோவில் அக்கா சொன்னால் நல்லது.

நாகர்கோவிலிலிருந்து:

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. சளி இருக்கும்போது தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்களை வைத்தியம் தெரிந்தவர்கள் என்றே சொல்ல மாட்டேன்.

போன் செய்யும்போது அறை வாடகையைக் கேட்பதற்கு முன்னால் வைத்தியரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். இழுத்தடித்தால் விட்டுவிடலாம். கேரள சுற்றுலாத் துறை ஆயுர்வேத மையங்களைப் பரிசோதித்துத் தரச் சான்று கொடுக்கிறது. அது இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மருந்துசாலை எண்ணெய் என்று கேட்டால் நல்ல இடத்தில் சந்தோஷமாகவே சொல்வார்கள். உங்களுக்குச் சர்க்கரை, இதயக் கோளாறு, அறுவை சிகிச்சை எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு இரவில் நடப்பது மசாஜ் மட்டும்தான். கிழி, தாரை எல்லாம் செய்துகொள்வதானால் நாள் ஒதுக்கிப் போக வேண்டும். அதோடு முடியாது. சிகிச்சை எத்தனை நாளோ அத்தனை நாள் வீட்டிலும் பத்தியம் இருக்க வேண்டும், அதை நல்லிருக்கை என்கிறார்கள். எங்கள் வைத்தியர் புறப்படும் அன்று அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊருக்கு வந்து கல்யாணம், காதுகுத்து என்று அலையப் போகிறீர்கள் என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். ஆடியில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை, அந்த வகையிலும் அந்த மாதம் வசதி.

கோயம்புத்தூர் சகோதரர் சொன்னதில் எனக்குச் சண்டையில்லை. குழந்தைகளோடு போவதானால் ஜனவரிதான் சரி, மழையில் அறைக்குள் அவர்களை அடைத்து வைக்க முடியாது.

எடுத்துப்போக வேண்டியது: எண்ணெய்க் கறை பட்டாலும் பரவாயில்லை என்கிற பழைய பருத்தித் துணிகள், தலையில் கட்ட இரண்டு துண்டு, வழுக்காத செருப்பு. குன்றிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் படிகள் மழையில் பாசி பிடித்திருக்கும். நீங்கள் தங்கும் நாட்களில் ஆடி அமாவாசை வந்தால் திருவல்லம் பரசுராமர் கோயிலில் பலிதர்ப்பணத்துக்குக் கூட்டம் அலைமோதும், அன்றைக்குக் கோவளம் சாலையில் காரில் வர வேண்டாம். எண்ணெய் தேய்த்து விடுபவர்களுக்குக் கொடுக்க நினைப்பதைக் கடைசி நாள் வரவேற்பறைப் பெட்டியில் போடாமல் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.